மாலை போட்ட கப்டன்

1

என் மனைவி மரகதத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச காலமாக ஒரு ஜெர்மன் இராணுவ அதிகாரி இருக்கிறார். பதற வேண்டாம், இருவரும் சுவரில்தான் இருக்கிறார்கள். மரகதம் பச்சைச் சேலையில், அவர் தொப்பி வைத்த சீருடையில். போன ஞாயிறு வரைக்கும் இருவருக்கும் ஒரே மாதிரி மாலை, ஒரே மாதிரி பொட்டு, ஒரே ஊதுபத்தி. காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்து, எங்கள் ஊர் பூண்டுலோயாச் செய்திகளை மரகதத்திடமும் உலகச் செய்திகளை அவரிடமும் சொல்வேன். நான் பேசப் பேச இடைமறிக்காத இரண்டு பேர் எனக்கு வாய்த்தது இந்த வயதில்தான்.

இலங்கை மலையகத்தில், அட்டனிலும் பூண்டுலோயாவிலும் இருந்து இதை வாசிப்பவர்கள், இவனுக்குக் குளிரில் மண்டை கழன்றுவிட்டது என்று நினைக்கலாம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பெர்லின் வழியாக இந்த ஜெர்மனியில் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து வெளுத்தே என் தலையும் வெளுத்தது. இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் இங்கே கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை என்று பொருள்.

அந்தக் கடிதங்களும் எனக்கு வருவதில்லை, என் அப்பாவுக்குத்தான் வருகின்றன. இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும். நம்மிடம் இருப்பது அப்பா பெயர். அதனால் கொழும்பைத் தாண்டாத என் அப்பா பெரியசாமி இங்கே குடும்பப் பெயர் ஆகிவிட்டார். நான் பெரியசாமி, மனைவி பெரியசாமி, மகள் பெரியசாமி. வரி அலுவலகம் "மதிப்பிற்குரிய பெரியசாமி அவர்களே" என்று எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: செத்த பிறகும் காலைப் பெரட்டு வரிசையில் பேர் கூப்பிடப்படும் ஒரே தேயிலைத் தோட்டத் தொழிலாளி இவராகத்தான் இருக்கும்.

போன ஞாயிறு மரகதத்துக்கு ஆண்டுப் படையல். என் ஒரே மகள் மாலினி வருவாளா மாட்டாளா என்று வாசல் மணி அடிக்கும் வரை எனக்குத் தெரியவில்லை. காரணம் சுவரில் இருந்த அந்த மனிதர்.

2

அவர் எனக்குச் சொந்தம் இல்லை, எதிர்வீட்டு வெர்னருக்கு அப்பா. வெர்னர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கதவும் அவர் கதவும் ஒரே படிக்கட்டில் முகம் பார்த்துக்கொண்டிருந்தவை. மரகதம் போன பிறகு, மாலை நாலு மணிக்கு என் கதவைத் தட்டிய ஒரே கை அவருடையது. தேத்தண்ணி குடிப்பார், கப்பலில் வந்த தூளைப் பற்றிக் குறை சொல்வார். "இந்தத் தூளுக்குக் கொழுந்து பறிச்சவங்க வீட்டுப் புள்ளகிட்டயே குறை சொல்றீங்களா?" என்றால் இன்னொரு கோப்பை கேட்பார். வெர்னர் பேசுவது சுத்தமான ஜெர்மன். என் எழுத்தில் அவர் பூண்டுலோயாக்காரர் போலப் பேசினால் குற்றம் என்னுடையது. எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பு அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் வெர்னர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்தில் ஒரு அறை கிடைத்தது. அங்கே கட்டில் போடலாம், தொலைக்காட்சி மாட்டலாம், அப்பாவை மட்டும் மாட்ட முடியாது. படத்தில் தொப்பியில் ஒரு கழுகு, அதன் காலடியில் அந்தக் காலத்துக் கொக்கிச் சிலுவை. நம் கடைக்காரர்கள் புதுவருடத்தில் மஞ்சளில் வரையும் சுவஸ்திகாவுக்கும் அதற்கும் தூரத்து உறவு. இங்கே அதைப் பார்த்தால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா மிகவும் மரியாதையாக, "இது வேண்டாமே" என்று சொல்லிவிட்டார். வெர்னரின் மகன்களும் வேண்டாம் என்றார்கள். ஒருவன் குப்பைக்குப் போடச் சொன்னானாம்.

வெர்னர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"உங்க வீட்டுல ஒரு ஆணி இருக்குமா?"

"ஆணிக்கா பஞ்சம்? வாங்க."

மாட்டினேன். இடம் இருந்தது மரகதத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் விவகாரம் தொடங்கியது. சுவரில் இரண்டு செத்தவர்கள் இருக்க ஒருவருக்கு மட்டும் மாலை என்றால் கண்ணை உறுத்துகிறது. தமிழ்க் கடையில் சந்தனச் சீவல் மாலையை இரட்டைப் பொதியாகத்தான் விற்றார்கள். மரகதத்துக்குப் போட்டது போக ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. எடுத்துப் போட்டேன். போட்டதும் பொட்டு இல்லாத நெற்றி மொட்டையாக இருந்தது. கண்ணாடியின் மேல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றிக்குக் கொஞ்சம் மேலே, சரியாக அந்தக் கழுகின் மீது வைத்தேன். கழுகு மறைந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆள் வீட்டில் இல்லை.

3

வெர்னரின் அப்பா பெயர் ஓட்டோ. நான் வைத்த பெயர் பட்டாளத் தொரை. அவருடைய இராணுவ வரலாறு எனக்கு மனப்பாடம். அத்தனை வருடத் தேத்தண்ணிக்கும் வெர்னர் கொடுத்த விலை அதுதான்.

இராணுவப் பதவிகள் மற்றவர்களுக்குக் குழப்பமாக இருக்கலாம், தோட்டத்தில் பிறந்தவனுக்கு இல்லை. விடியற்காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, மலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டு எங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. அந்தச் சொல்லே வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து எடுத்து வந்ததுதான். ஆகவே லெப்டினன்ட் என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் நம்ம கண்டாக்கையா. மேஜர் பெரிய தொரை. இடையில் நிற்கும் கப்டன், மேலே குனிந்து கீழே நிமிரும் சின்னத் தொரை. வெர்னரிடம் இதைச் சொன்னபோது, தன் அப்பாவின் வாழ்க்கை இவ்வளவு தெளிவாகத் தனக்கே விளங்கியதில்லை என்றார்.

ஓட்டோ பொறியியல் படைக்காரர். ஆற்றுக்குக் குறுக்கே படகுகளை நிறுத்திப் பலகை போட்டு, மற்றவர்கள் போக வழி செய்பவர். சண்டை தொடங்கும்போது கண்டாக்கையா, அதாவது லெப்டினன்ட். போலந்தில் முதல் பாலம். பிரான்சில் குண்டு விழ விழ இன்னொரு பாலம். அதற்கு நெஞ்சில் ஒரு சிலுவைப் பதக்கம். அந்தப் பாலத்தைச் சொல்லும்போது வெர்னர் என் மேசையில் பிஸ்கட்டுகளை வரிசையாக வைத்து ஆற்றைக் கடப்பார். பிறகு கிழக்கே ரஷ்யா. முதல் குளிர்காலத்தில் இடது காலில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரி. மறுபடி கிழக்கே. கடைசியில் பின்வாங்கும்போது தான் கட்டிய பாலங்களைத் தானே வெடி வைத்துத் தகர்த்தார். ரஷ்யர்களிடம் கைதியாகிச் சுரங்கத்தில் கிடந்தார். சண்டை முடிந்து பல வருடம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, சிறுவனாக இருந்த வெர்னர் ஆளை அடையாளம் தெரியாமல் மேசைக்கு அடியில் ஒளிந்தாராம். சாலை இலாகாவில் எழுதுவினைஞராக இருந்து, அதிகம் பேசாமல், வெர்னரின் இளவயதிலேயே இறந்துபோனார்.

நல்ல வரலாறுதான். ஒரு இடத்தைத் தவிர.

மூன்று விரல் போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதற்கும் பின்வாங்கியதற்கும் நடுவே ஒரு கோடை காலம் இருக்கிறது. அங்கே வந்தால் வெர்னர் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "அந்தக் கோடையில முன்னணியில இல்ல. பின்னால ஒரு காட்டுப் பக்கம் இருந்தாங்க. ஓய்வு மாதிரி." அடுத்த வாக்கியத்தில் பனி விழுந்துவிடும். ஓட்டோ கப்டனாக நிற்பார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அதுவும் பாதிதான். ஆனாலும் ஒன்று தெரியும். சும்மா ஓய்ந்து கிடந்தவனுக்கு எந்தத் தொரையும் பதவி ஏற்றியதில்லை. பாலத்துக்குப் பதக்கம் சரி. ஆறே இல்லாத காட்டில் கப்டன் பட்டம் எதற்கு?

கேட்டதில்லை. நாலு மணிக்கு என் கதவைத் தட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

4

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் படங்கள் இரண்டே வகை. மாலை போட்டிருந்தால் செத்தவர், போடாவிட்டால் உயிரோடிருப்பவர். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியா போன என் சித்தப்பாவிடமிருந்து கடிதம் நின்றதும் அம்மா அழுது முடித்து மாலை போட்டுவிட்டாள். அடுத்த தைப்பொங்கலுக்குக் கொத்தகிரியிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. அம்மா மாலையைக் கழற்றி, "உசுரோட இருக்காராம்ல, இனி திட்டலாம்" என்று சொல்லி, அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத் திட்டித் தீர்த்தாள்.

இதுதான் எங்கள் சட்டம். மாலை போட்ட படத்தைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பெரிய பயனாளி என் பாட்டனுக்கு அப்பா, கறுப்பண்ணன் கங்காணி. கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியோடு எங்கள் லயத்துக் காம்பரா அறையில் தொங்கினார். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர், பெரிய தொரையே மெச்சி அந்தத் தடியைக் கொடுத்தார் என்று அம்மா சொல்லுவாள். என் சின்ன வயதில் ஒரு நாள், தண்ணீர் பிடிக்கும் பீலியில் வாளிச் சண்டை வந்தபோது, கீழ் லயத்து முருகேசு எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"பெருசா பேசாத. தோட்டத்த விட்டு ஓடிப்போன எங்க பாட்டன நானுஓயா ஸ்டேசன்ல புடிச்சு, கயிறு கட்டி நடத்திக்கிட்டு வந்தவரு ஒங்க கங்காணி. அதுக்குத்தான் தடி குடுத்தான் வெள்ளக்காரன்."

ஓடி வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "மால போட்ட படத்தப் பத்திப் பேசக்கூடாது" என்றாள். அத்தோடு முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் கங்காணிக்குப் புதுப் பூ வைத்தோம்.

5

மாலினி இங்கே பிறந்தவள். தமிழை அம்மாவிடம் மட்டும் கற்றதால் ஜெர்மன் மூக்கோடு பூண்டுலோயாத் தமிழ் பேசுவாள். வேறு ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பிக்கிறாள். கணவன் ஜெர்மன்காரன், நல்ல பையன். என்னிடம் வானிலை பற்றிப் பேசுவான், நானும் அவனிடம் வானிலை பற்றிப் பேசுவேன். மரகதம் இருந்தபோது மாதம் ஒரு முறை வந்தார்கள். இப்போது பண்டிகைக்கு வருகிறார்கள், அதுவும் எங்கள் பண்டிகைக்கு இல்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் நிச்சயம்: அம்மாவின் படையல்.

படையலுக்கு ஒரு வாரம் முன்னால், சாமான் வாங்கிக் கொடுக்க என்று தனியாக வந்தாள். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தாள். கை தளர்ந்தது.

"அப்பா. அம்மா பக்கத்துல யாருப்பா அது?"

"வெர்னரோட அப்பாம்மா. அங்க மாட்ட விடல, அதான்..."

"குங்குமம் வச்சிருக்கீங்க."

"செத்தவருதானே."

கிட்டப் போய்ப் பார்த்தாள். குங்குமம் எதை மறைக்கிறது என்று அவளுக்கு விளங்க ஒரு நொடி கூட ஆகவில்லை.

"மறைச்சு வச்சிக் கும்புடுறீங்களா?"

நான் வெர்னரின் இடுப்பைச் சொன்னேன், இரட்டைப் பொதி மாலையைச் சொன்னேன், பாலங்களையும் கப்டன் பட்டத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவை எடுபடாத இடங்கள் இரண்டு: குடிவரவு அலுவலகமும் என் மகளும்.

"கப்டன் எப்ப ஆனாரு?"

அந்தக் கோடையைச் சொன்னேன், காட்டைச் சொன்னேன், ஓய்வு என்பதையும் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அங்க பின்னால இருந்தவங்க ஓய்வெடுக்கலப்பா. ஊரு ஊரா எரிச்சாங்க. ஆளுங்கள உள்ள வச்சி எரிச்சாங்க. இவரு செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் ஒவ்வொரு வருசமும் பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுக்குறேன். எங்க அம்மாவுக்குப் பக்கத்துல இவரு பொட்டோட நின்னா நான் எப்பிடி வந்து கும்புடுவேன்?"

"வெர்னரையும் கூப்புட்டிருக்கேம்மா. அப்பாவப் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். இடுப்பு ஒடஞ்சதுக்கப்பறம் அந்தாளு வெளிய வர்றதே இதுதான் முதல் தடவ."

"அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க. இவரு இப்பிடியே இருந்தா நான் வரமாட்டேன்."

சாமான் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கட்டசம்பல் இடிக்க மாசிக் கருவாடு வாங்கி வந்திருந்தாள், மரகதம் கேட்கும் அதே வகை.

அந்த வாரம் முழுவதும் அந்த ஆணியின் கீழே நடந்தேன். படத்தை இறக்கினால் வெர்னர் வெறும் சுவரைப் பார்ப்பார். இருக்கட்டும் என்று விட்டால், மரகதத்தின் முன்னால் நான் மட்டும் தனியாக நிற்பேன். இறக்கிக் கட்டிலடியில் வைத்தேன். மூச்சு முட்டுமே என்று எடுத்து மறுபடி மாட்டினேன். படத்துக்கு மூச்சு முட்டும் என்று கவலைப்படுகிறவனை இந்த நாட்டில் எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

6

ஞாயிறு. கோதுமை ரொட்டி சுட்டேன், கட்டசம்பல் இடித்தேன், பருப்பு, மரகதத்துக்குப் பிடித்த சீனி போட்ட, பாலில்லாத வெறும் தேத்தண்ணி. அவள் மட்டும் சாப்பிடத் தொரை பார்த்துக்கொண்டிருப்பது முறையில்லை என்று அவருக்கும் ஒரு சின்னக் கிளாசில் கொஞ்சம் சாராயம் ஊற்றினேன். பிறகு பயந்து அதை நானே குடித்துவிட்டேன்.

படம் சுவரில் இருந்தது, மாலையோடு. நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யத் தெரிந்திருந்தால் நான் சலவைக்கூடத்தில் அவ்வளவு காலம் இருந்திருப்பேனா?

வெர்னரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்து விட்டார்கள். உடம்பு பாதியாக இருந்தது, கோட்டு அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்தார், கண் கலங்கியது.

"பூ போட்டிருக்கீங்க."

"எங்க வழக்கம்."

மணி அடித்தது. மாலினி தனியாக வந்திருந்தாள். வாசல் நடையிலேயே நின்றாள், கோட்டைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தாள், வெர்னரைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் வெர்னர். அப்போது எனக்குச் சைக்கிள் தெரியாது, இப்போதும் தெரியாது.

கிட்ட வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஜெர்மனில் மெதுவாகக் கேட்டாள்.

"வெர்னர் மாமா, அந்தக் கோடையில உங்க அப்பா என்ன செஞ்சாரு?"

மேசையில் பிஸ்கட் இல்லை, ரொட்டிதான் இருந்தது. வெர்னரின் கை அதன் பக்கம் போகவில்லை.

"தெரியாது," என்றார். "நான் அவர்கிட்ட கேக்கல."

அவரே தொடர்ந்தார்.

"கேக்கணும்னு ஒரு தடவ சமையலறைக்குள்ள போனேன். எனக்கு அப்ப கல்யாண வயசு. அவரு உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டிருந்தாரு. செருப்பக் கழட்டி வச்சிருந்தாரு, விரல் இல்லாத கால் தெரிஞ்சிச்சி. என்னன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு நானும் உக்காந்து உரிச்சேன். கொஞ்ச நாள்ல போயிட்டாரு."

மாலினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெர்னர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த மாலைக்கு என்ன அர்த்தம்?"

"முடிஞ்சதுன்னு அர்த்தம். இனிமே இவரப் பத்தி நல்லது மட்டும்தான் பேசணும்."

"போடலன்னா?"

"போடலன்னா உயிரோட இருக்காருன்னு அர்த்தம். திட்டலாம், கேள்வி கேக்கலாம்." சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். கொத்தகிரி வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"அப்ப கழட்டிடுங்க," என்றார். "எனக்கு அவர்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு."

நான் கழற்றினேன். மாலினி சமையலறைக்குப் போய் ஈரத்துணி கொண்டு வந்து கண்ணாடியைத் துடைத்தாள். சந்தனம் போனது, குங்குமம் போனது. கழுகு வெளியே வந்து எங்கள் எல்லோரையும் பார்த்தது. அதன் பிறகுதான் அவள் கோட்டைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினாள். மரகதத்துக்குக் கற்பூரம் காட்டினோம். வெர்னர் நாற்காலியில் இருந்தபடியே கை கூப்பினார். கட்டசம்பல் உறைத்து அவருக்குக் கண்ணீர் வந்தது. அது சம்பலால்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

7

சாயங்கால ரயிலில் மாலினி போனாள். வாசலில், "அடுத்த மாசம் வர்றேம்ப்பா" என்றாள். அடுத்த மாதம் என்றால் இந்த நாட்டில் எது வேண்டுமானாலும் ஆகலாம். வெர்னரைக் கூட்டிப் போக வண்டி வந்தது. எதிர்க்கதவில் இப்போது வேறு யாரோ பெயர் ஒட்டியிருக்கிறார்கள்.

பூண்டுலோயாவில் இருக்கும் தம்பி சண்முகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கங்காணி படம் இன்னும் இருக்கா?"

"இருக்கே. போன தீபாவளிக்குச் சுத்தி சீரியல் பல்பு போட்டோம். செவப்பு, பச்சைன்னு மாறி மாறி எரியுது."

"மாலையக் கழட்டிடு."

"என்னாண்ணே, குடிச்சிருக்கியா?"

"ஒரு சின்னக் கிளாசு. கழட்டுடா."

"அவரு செத்து எத்தன காலமாச்சி, இப்ப கழட்டி என்னா பண்றது? புள்ளைங்க ஏன்னு கேட்டா நான் என்னா சொல்ல?"

"கீழ் லயத்து முருகேசு வீட்டுல போயி கேக்கச் சொல்லு."

பின்னால் யாரோ மாட்டுக்குத் தண்ணி வைக்கும் சத்தம் கேட்டது. "பாக்கலாம்ண்ணே" என்று வைத்துவிட்டான். கழற்றினானா என்று தெரியாது. பல்பாவது அணைத்திருப்பான்.

கழற்றிய மாலை மறுபடி அலமாரியில் கிடக்கிறது. மரகதத்தின் கழுத்தில் மாலை இருக்கிறது, பக்கத்து ஆள் வெறுமனே நிற்கிறார். எங்கள் லயத்துச் சட்டப்படி பார்த்தால் இந்த வீட்டில் இப்போது உயிரோடிருப்பது நானும் அவரும்தான்.

இன்று காலை தேத்தண்ணியோடு போய் உட்கார்ந்தேன். மரகதத்துக்கு ஊதுபத்தி காட்டி, தம்பி பேசியதைச் சொன்னேன். அவரிடம் உலகச் செய்தி எதையும் சொல்லவில்லை.

"அந்தக் கோடையில எங்க இருந்தீங்க தொரை?" என்று கேட்டேன்.

தேத்தண்ணி ஆறும் வரைக்கும் காத்திருந்தேன். நாளைக்கும் கேட்பேன்.